புல்தரையில் முளைத்த குடைகள்

கோலார் தங்கவயலில் என் மாமாவின் வீட்டு முற்றத்துப் புல்தரையில், 2024ஆம் ஆண்டு ஐப்பசி மழையின்போது முளைத்த சில காளான்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். "காளானைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் நகைக்கலாம். அந்தக் காளானைக் குழம்பு வைத்து உண்ட என் அத்தை இரண்டு நாள் மருத்துவமனையில் படுத்திருந்தார். உண்ணலாம் என்று சொன்னவன் நான். நுண்ணுயிரியலில் முதுகலை படிக்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் சுரங்க வேலையைத் தொடங்கியபின், வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர் கூட்டங் கூட்டமாக அங்கே சென்று குடியேறினர். என் பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தொழிலாளர் வாழ்ந்தது வரிசை வரிசையான சிறு வீடுகளில்; அதிகாரிகள் வாழ்ந்தது மேட்டு நிலத்துப் பங்களாக்களில். பங்களாக்களின் முன்னே பச்சைக் கம்பளம் விரித்தாற்போலப் புல்தரை இருக்கும். ஊரையே 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்தார்கள் என்றால், அந்தப் பெயரிற் பாதி அப்புல்தரைகளுக்கு உரியது என்று எண்ணுகிறேன். வேலிக்கு வெளியே நின்று அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் என் மாமாவும் ஒருவர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மாமா, ஆண்டர்சன்பேட்டையில் பாட்டனார் விட்டுச் சென்ற வீட்டின் முன்னே, இருபது அடிக்கு முப்பதடி அளவில், அருகம்புல் பதித்துத் தமக்கென ஒரு புல்தரை வளர்த்தார். அதன்மேல் யாரும் செருப்போடு நடக்கக் கூடாது. விருந்தினரும் விலக்கல்லர்.

அந்த ஐப்பசியில் ஒரு வாரம் மழை விடாது பெய்தது. ஒருநாட் காலை பார்த்தால், புல்தரையின் நடுவே அரைவட்டமாகப் பதினான்கு வெள்ளைக் குடைகள். சிலது முட்டைபோல் மூடியிருந்தது. சிலது சாப்பாட்டுத் தட்டளவு விரிந்திருந்தது. மாமாவுக்குக் கோபம் வந்தது. அத்தைக்கு மகிழ்ச்சி வந்தது. அத்தை பிறந்த ஊர் குடியாத்தத்துப் பக்கம் ஒரு சிற்றூர். மழை விட்ட காலையில் கூடை எடுத்துக்கொண்டு புற்றுக்காளான் பறிக்கப் போன நினைவு அவருக்கு இன்னும் மாறவில்லை. கத்தியால் தரையோடு அறுத்தெடுத்து, முறத்தில் பரப்பிக் கைப்பேசியிற் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். "ஏன் கண்ணு, நம்ம புத்துக்காளான் மாதிரியேதான் இருக்குது. திங்கலாமா?"

நான் அப்பொழுது ஆய்வுக்கூடத்தில் ஏதோ ஒரு வேலையில் இருந்தேன். படத்தைப் பார்த்தேன். வெண்ணிறக் குடை, அடியில் வெண்ணிறச் செவுள்கள், காம்பின் கழுத்திற் பட்டைபோல் ஒரு வளையம். "ஆமாம் அத்தை, அதுதான் போலிருக்கிறது" என்று எழுதி அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அரை நிமிடங்கூட ஆகியிராது.

நண்பகலில் உண்டார். இரண்டு மணிக்குள் வாந்தி தொடங்கியது, பிறகு வயிற்றுப்போக்கு. மாலைக்குள் எழுந்து நிற்க முடியாமற் போய்விட்டது. மாமா காளான் உண்பதில்லை. பள்ளி விட்டு வரும் பேத்திக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்திருந்தார் அத்தை. பேத்திக்கு வயது ஆறு. அவள் வருவதற்குள் அத்தைக்கு வாந்தி வந்ததனால் அந்தக் கிண்ணத்தை யாரும் திறக்கவில்லை. இதை நான் இன்றும் நினைக்காத நாளில்லை.

மாரிக்குப்பத்துக்குப் போகும் இரயிலில் அன்று இரவே சென்றேன். மருத்துவமனையில் அத்தைக்கு நரம்பு வழியே உப்புநீர் ஏறிக்கொண்டிருந்தது. "நீ என்னப்பா செய்வே, படத்துல எப்படித் தெரியும்?" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். வீட்டிற்கு வந்து சமையலறையிற் பார்த்தேன். சமைக்காமல் மிஞ்சிய மூன்று குடைகள் முறத்திற் கிடந்தன. காலையில் வெண்மையாக இருந்த செவுள்கள் இப்பொழுது பாசி படிந்ததுபோல் மங்கிய பச்சை நிறமாக மாறியிருந்தன.

அந்தப் பச்சையைக் கண்டவுடன் காளானின் பெயர் நினைவுக்கு வந்துவிட்டது. 'குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்' என்பது அதன் விஞ்ஞானப் பெயர். நமக்குள் 'பச்சைச் செவுள் காளான்' என்று வைத்துக்கொள்வோம். தென்னமெரிக்காவின் எசகிபோ நாட்டுத் தாவரங்களை ஆராய்ந்த மேயர் என்னும் அறிஞர் 1818இல் இதை முதலில் விவரித்தார். 1898இல் மாஸ்ஸீ என்பார் இன்றைய பெயரை இட்டார். முதற் சொல்லுக்குப் பச்சை இலை என்று பொருள். இலைப்பச்சையைக் குறிக்கும் 'குளோரோஃபில்' என்பதும் அதே வேர்களிற் பிறந்ததுதான். எந்தக் காளானிலும் இலைப்பச்சை கிடையாது; இந்தக் காளானில் பச்சையாக இருப்பது அதன் வித்துத்தூள். உலகின் வெப்ப நாடுகளில், உரம் மிகுந்த புல்தரைகளில் மழைக்குப்பின் முளைப்பது இதன் இயல்பு. புல்தரையிற் பறித்த காளானைத் தின்று நோயுறுவோர் பல நாடுகளிலும் பெரும்பாலும் இதையே தின்றவர்கள்.

இதன் சூழ்ச்சி நிறம் மாறும் காலத்தில் இருக்கிறது. குடை விரிந்த புதிதிற் செவுள்கள் வெள்ளையாகவே இருக்கும். வித்துத்தூள் முற்றியபின்புதான் பச்சை படரும். ஆகவே இளங் காளானின் செவுளைப் பார்த்து யாரும் எதையும் சொல்ல இயலாது. நான் சொன்னேன்.

நான் செய்திருக்க வேண்டியது வித்துத்தூட் சோதனை. அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. விடுதி அறையிலேயே செய்யலாம். நன்றாக விரிந்த ஒரு குடையைக் காம்பிலிருந்து அறுத்தெடுத்து, செவுள் கீழ்நோக்கும்படி ஒரு தாளின்மேல் வைக்க வேண்டும். தாளிற் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருப்பது நல்லது. வெண்மையான தூள் வெள்ளைத் தாளிற் கண்ணுக்குத் தெரியாது. காற்று அடிக்காமல் மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தால் சக்கரத்தின் ஆரங்கள்போலத் தூள் படிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கே நீளமுள்ள நுண்வித்துக்கள் இலட்சக்கணக்கில் விழுந்து வரைந்த கோலம் அது. தூள் பச்சையாக இருந்தால் ஐயமே வேண்டா. பச்சைச் செவுள் காளான்தான். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பாக இருக்கும். கடைகளில் விற்கும் பொத்தான் காளானின் இனத்துக்குக் கருமை கலந்த பழுப்பு. வெள்ளைத் தூள் உதிர்க்கும் காளான்களில் நல்லதும் உண்டு, ஆளைக் கொல்வதும் உண்டு. ஆகவே இச்சோதனை ஒரு காளானை விலக்குவதற்குப் பயன்படும். உண்ணலாம் என்று சீட்டுக் கொடுப்பதற்குப் பயன்படாது.

புற்றுக்காளானைப் பற்றியும் சொல்ல வேண்டும். அத்தையின் நினைவில் இருந்தது அதுவல்லவா? கறையான்கள் புற்றுக்குள்ளே தோட்டம் போட்டுக் காளான் வளர்க்கின்றன. மென்ற இலை தழைகளைக் கொண்டு தேனடைபோல ஒரு பாத்தி கட்டி, அதில் வளரும் காளானிழையை உண்டு வாழ்கின்றன. மழைக்காலத்தில் அந்தப் பாத்தியிலிருந்து ஒரு காம்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. இவ்வினத்துக்கு 'டெர்மிட்டோமைசிஸ்' என்று பெயரிட்டவர் ரோஜே ஹைம் என்ற பிரெஞ்சு அறிஞர், ஆண்டு 1942. தென்னிந்தியாவிற் கிடைத்த ஒரு வகையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன் 1979இல் விவரித்து, ஹைம் அவர்களின் பெயரையே அதற்குச் சூட்டினார். நம் பாட்டிமார் மழை பெய்த மறுநாள் தேடிப் போன பொருள் இவ்வாறு உலக நூல்களில் ஏறியது என்பது தமிழ் மாணவர்க்கு மகிழ்ச்சி தருவதே.

புற்றுக்காளானுக்கு மூன்று அடையாளம் உண்டு. குடையின் உச்சியிற் குமிழ்போல ஒரு முனை இருக்கும், தூள் இளஞ்சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, காம்பு மண்ணுக்குள்ளே வேர்போல் நீண்டு புற்றுவரை செல்லும். பச்சைச் செவுள் காளானின் காம்பு அடியிற் சற்றே பருத்து அங்கேயே நின்றுவிடும். குடையின் மேற்பரப்பிற் பழுப்பு நிறச் செதில்கள் சிதறிக் கிடக்கும். கழுத்துப்பட்டையை மட்டும் நம்பலாகாது. பச்சைச் செவுள் காளானுக்கும் அது உண்டு. மேலே சொன்ன, ஹைம் பெயரைத் தாங்கிய புற்றுக்காளானுக்கும் உண்டு. நான் நம்பியது அந்தப் பட்டையைத்தான். அத்தையோ காம்பைத் தரையோடு அறுத்துவிட்டார். இருந்த ஒரே நல்ல சாட்சி மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. காளானை இன்னதென்று அறிய விரும்புகிறவர் அறுக்கலாகாது; ஒரு குச்சியால் மண்ணைக் கிளறி அடியோடு எடுக்க வேண்டும்.

ஊரில் வழங்கும் சோதனைகள் பல. பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான் என்பார்கள். வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு என்பார்கள். மஞ்சள் போட்டு வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்பார்கள். இவற்றில் ஒன்றும் உண்மையன்று. நத்தையும் பூச்சியும் தின்று பிழைக்கும் காளான் மனிதரைக் கொன்றுவிடும். அத்தை மஞ்சளும் போட்டார், நன்றாகவே வேகவைத்தார். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகளையும் இந்தப் பட்டியலிற் சேர்த்துவிட விரும்புகிறேன். என் கண்ணை ஏமாற்றிய படம் அவற்றையும் ஏமாற்றும்.

யாரேனும் தெரியாத காளானை உண்டுவிட்டால் என்ன செய்வது? பச்சைச் செவுள் காளான் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். உடலிலுள்ள நீர் வற்றுவதே இதில் ஆபத்து. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அது பேராபத்து. விரல் விட்டு வாந்தி எடுக்கச் செய்ய வேண்டா. குடிக்க முடிந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிச்சமுள்ள காளானைக் காகிதப் பையில் இட்டு எடுத்துச் செல்வது நலம். பிளாஸ்டிக் பையில் அது அழுகிவிடும். ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்து வாந்தி தொடங்கினால், 'தாமதமாகத்தானே வந்தது, லேசாக இருக்கும்' என்று எண்ணுவது பெருந் தவறு. ஈரலை அழிக்கும் அமானிட்டா வகைக் காளான்கள் அப்படித்தான் காலந்தாழ்த்தி வரும். வாந்தி நின்று ஒருநாள் நலமாகத் தோன்றிய பின்பும் அவை உயிரை வாங்கியதுண்டு.

நிற்க. அத்தை வீடு திரும்பிய மறுநாள் மாமா புல்தரைக்கு மருந்தடிக்கப் புறப்பட்டார். வாளியில் மயில்துத்தத்தைத் தாராளமாகக் கரைத்துக் காளான் முளைத்த இடமெல்லாம் ஊற்றினார். மயில்துத்தத்துக்குப் பூசணத்தைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பது மெய்யே. 1885இல் பிரான்சு நாட்டு மிலார்தே, அதனோடு சுண்ணாம்பைக் கலந்து போர்தோ நகரத்துத் திராட்சைக் கொடிகளைக் காத்தார். ஆனால் அது இலையின்மேற் படியும் நோய்க்கு இலையின்மேல் அடிக்கும் மருந்து. மாமாவின் புல்தரையிற் புல் கருகியது. பத்து நாள் கழித்துக் காளான் மறுபடியும் முளைத்தது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளாமற் புல்தரைக் காளானை ஆள முடியாது. மேலே தெரியும் குடை என்பது மாமரத்தில் ஒரு மாங்காய் போன்றது. மரம் மண்ணுக்குள்ளே இருக்கிறது. நூலினும் மெல்லிய வெள்ளை இழைகள் பின்னிப் பின்னி ஒரு சாண், இரண்டு சாண் ஆழம் வரை பரவியிருக்கும். பட்டுப்போன வேர், மக்கிய இலை, பழைய சாணம் இவையே அவற்றின் உணவு. உயிருள்ள புல்லை இக்காளான் தின்பதில்லை. ஓரிடத்தில் தொடங்கிய இழை எப்பக்கமும் ஒரே அளவாக வெளிநோக்கி வளர்கிறது. உணவு தீர்ந்த நடுப்பகுதி மடிகிறது. ஆகவே உயிருள்ள விளிம்பு வட்டமாக அமைகிறது. மழை பெய்தால் அந்த விளிம்பிலே குடைகள் முளைக்கின்றன.

ஐரோப்பியர் இதைத் தேவதைகள் இரவில் வட்டமாக நின்று கூத்தாடிய இடம் என்றும், மின்னல் விழுந்த தடம் என்றும் நம்பியிருந்தார்கள். 'தேவதை வளையம்' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 1807இல் உல்லாஸ்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி, காளான் தன் காலடி மண்ணின் உணவைத் தீர்த்துவிட்டுப் புதுமண்ணைத் தேடி வெளிநோக்கிச் செல்வதே வளையத்துக்குக் காரணம் என்று எழுதினார். பல்லேடியம், ரோடியம் என்னும் இரு உலோகங்களைக் கண்டுபிடித்தவர் அவர். புல்லையும் அதே கண்ணோடு பார்த்திருக்கிறார்.

வளையத்தின் ஓரத்திற் புல் மற்ற இடங்களைவிடக் கரும்பச்சையாகத் தழைத்திருப்பதைக் காணலாம். மக்கும் பொருளைக் காளான் சிதைக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் வெளிப்பட்டுப் புல்லுக்கு உரமாகிறது. அவ்வளவுதான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2010இல் சப்பான் நாட்டு ஷிசுவோக்கா பல்கலைக்கழகத்துக் கவாகிஷி குழுவினர், வளையம் அமைக்கும் ஒரு காளானிலிருந்து புல்லின் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு தனிப் பொருளையே பிரித்தெடுத்தனர். இரண்டு அசாஹைப்போசாந்தின் என்பது அதன் பெயர். எனவே வளையத்துப் பச்சைக்குக் காளானின் கைம்மருந்தும் ஒரு காரணமாகிறது.

சில வளையங்களில் இதற்கு மாறாகப் புல் காய்ந்துவிடும். இழைகள் நெருங்கிப் பின்னி மண்ணை மெழுகு பூசியதுபோல் ஆக்கிவிடுவதால், ஊற்றிய நீர் உள்ளே இறங்காமல் உருண்டோடும். புல் தாகத்தால் மடிகிறது. மாமா ஊற்றிய மயில்துத்தம் பயன்படாமற் போனதற்கும் இதுவே காரணம்: நீரே இறங்காத இடத்தில் மருந்து எப்படி இறங்கும்? அது பக்கத்துப் புல்லின் வேருக்கே போய்ச் சேர்ந்தது. வெளிநாடுகளிற் பந்தாட்டப் புல்வெளிகளுக்கு ஒருகாலத்திற் பாதரச மருந்துகளையே ஊற்றினார்கள். அவற்றின் கேட்டை உணர்ந்து பின்பு பல நாடுகள் விலக்கின. பொன்னுக்காகப் பாதரசத்தையும் சயனைடையும் கண்ட எங்கள் ஊருக்கு, புல்லுக்காகவும் நஞ்சு வேண்டியதில்லை.

மாமாவும் நானும் பிறகு செய்ததைச் சொல்கிறேன். வளையத்தின் மீதும், அதற்கு வெளியே ஓரடி வரையும், கூர்மையான இரும்புக் கம்பியால் அரையடி ஆழத்துக்கு நான்கு விரற்கடை இடைவெளியில் துளையிட்டோம். ஒரு வாளி நீரிற் சிறிது சோப்புக் கரைசல் கலந்து மெல்ல ஊற்றினோம். சோப்பு, நீரை ஏற்காத மண்ணை நனையச் செய்யும். பிறகு பல நாள் வெறும் நீர், அதுவும் காலையில் மட்டும். மாலையில் ஊற்றும் நீர் இரவெல்லாம் புல்லில் தங்கிப் பூசணத்துக்கு மெத்தை விரிக்கும். புல்லுக்கடியிற் சேர்ந்திருந்த காய்ந்த சருகுப் படலத்தை வாரியால் வாரி எடுத்தோம். கருகிய புல் தேறியபின், சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா தூவி உடனே நீர் விட்டோம். எல்லா இடமும் ஒன்றாய்ப் பச்சையானால் வளையம் கண்ணை உறுத்தாது. மாமாவின் குறையிற் பாதி அதனாலேயே தீர்ந்தது.

புல்தரையின் வடகோடியில் வேறொன்று இருந்தது. அங்கே வளையமில்லை, ஒரே இடத்திற் கொத்துக் கொத்தாகச் சிறு காளான்கள். முளைத்த மறுநாளே கறுத்துச் சுருங்கின. இப்படி ஒரே இடத்திற் கொத்தாக முளைத்தால், அடியிற் புதைந்த மரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோண்டினோம். இரண்டடிக்குக் கீழே தொடை கனத்தில் ஒரு மரத்துண்டு, கையால் அழுத்தினால் உதிரும் நிலையில் வெள்ளை இழை போர்த்துக் கிடந்தது. மாமா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நைனா சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த முட்டுமரம்" என்றார். அவ்விடத்திற் பாட்டனாரின் மாட்டுக்கொட்டகை இருந்ததாம். அவர் இறந்தபின் கொட்டகையைப் பிரித்தவர்கள் தூண்களைத் தரையோடு அறுத்துவிட்டு அடியை அப்படியே விட்டுவிட்டார்கள். பச்சைச் செவுள் காளான் ஏன் அந்த முற்றத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதும் அப்பொழுதுதான் விளங்கிற்று. முப்பது ஆண்டு சாணம் ஊறிய மண் அது. ஊரை அடுத்துள்ள சயனைடு மேடுகளில், பொன்னரைத்து ஒதுக்கிய அந்தச் சாம்பல் நிற மணலில், மக்கிய பொருள் இல்லாததால் புல்லே எளிதில் வேர் பிடிப்பதில்லை. காளானைப் பற்றிப் பேச்சே இல்லை. மரத்துண்டை மாமா எறியவில்லை. கிணற்றடியில் வெயிலில் வைத்திருக்கிறார்.

புல்லுக்கு மெய்யான நோய் தரும் பூசணங்களும் உண்டு; அவை பெரும்பாலும் குடை பிடிப்பதில்லை. பழைய ரூபாய் நாணயத்தின் அளவில் வைக்கோல் நிறப் புள்ளிகள் தோன்றி, விடியற்காலைப் பனியிற் சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் அது 'டாலர் புள்ளி' நோய். உரம் போதாத புல்லுக்கு வருவது. பெரிய வட்டமாகப் பழுப்புத் திட்டு விழுந்து, வெக்கையும் ஈரமும் கூடிய நாளில் விரைந்து பரவினால் அது ரைசோக்டோனியாவின் வேலை. உரம் மிஞ்சிய புல்லுக்கு வருவது. ஒன்று பசியால் வரும் நோய், மற்றது அசீரணத்தால் வரும் நோய் என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன். இவ்விரண்டும் கைமீறிப் போனால் மட்டும் பூசணக்கொல்லியை நாடலாம். மழைக்குப்பின் புல்லின்மேற் சாம்பல் தூவியதுபோல் ஒன்று தோன்றுமே, அது நோயுமன்று, காளானுமன்று. சளிப்பூசணம் என்ற வேறு சாதி. நீரைப் பீய்ச்சி அடித்தால் போய்விடும்.

பச்சைச் செவுள் காளானை முற்றிலும் ஒழித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். 2025 ஐப்பசியிலும் வந்தது. முந்திய ஆண்டு நான் அடித்து வைத்த முளைக்கு ஒரு சாண் வெளியே மூன்றே குடைகள். குடை விரியுமுன்னே பிடுங்கிக் காகிதத்திற் சுற்றிக் குப்பையிற் சேர்த்துவிட வேண்டும் என்பது இப்பொழுது அந்த வீட்டின் வழக்கம். பிடுங்குவதால் மண்ணுக்குள்ளிருக்கும் இழை சாகாது. ஆனால் குழந்தையின் கைக்கும் நாயின் வாய்க்கும் எட்டாது. தொடுவதால் தீங்கில்லை, கை கழுவினால் போதும்.

அந்த மூன்றில் இரண்டைத்தான் அத்தை பிடுங்கி எறிந்தார். மூன்றாவதை விரியவிட்டு, பேத்தியின் ஓவிய நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து, அதன்மேல் வைத்து டம்ளரைக் கவிழ்த்திருக்கிறார். மறுநாட் காலை அனுப்பிய படத்தில், வெள்ளைத் தாளின் நடுவே பச்சை ஆரங்களோடு ஒரு சக்கரம். கீழே, "பச்சை வந்திருக்குது கண்ணு. நீ சொல்லு" என்று எழுதியிருந்தார். இம்முறை நான் படத்தை வைத்து ஒன்றும் சொல்லவில்லை. தாளையே வாங்கி வந்துவிட்டேன். எங்கள் துறை ஆய்வுக்கூடத்தில், சன்னலோரத்து மேசையின் கண்ணாடிக்கு அடியில் அது இருக்கிறது. பார்க்க விரும்பும் நண்பர்கள் எந்த நாளும் பிற்பகலில் வரலாம். விடுதிப் புல்தரையில் ஏதேனும் முளைத்திருந்தால், காம்பின் அடியோடு எடுத்து வரவும்.